எண்ணெய் குளித்த சக்கரங்கள்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணச்சநல்லூரில் எனக்குச் சின்ன மளிகைக் கடை. கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் சமயபுரத்தாள் சன்னதி. திருச்சிக்குப் பஸ் ஏறினால்கூட டிரைவர் தலைக்கு மேல் இருக்கிற சாமி படத்துக்குப் பூ வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். அப்படிப்பட்டவன் கடல் தாண்டிப் போனேன் என்றால் அதற்கு ஒரே காரணம் என் தங்கை வசந்தா.

அவளைக் கட்டிக்கொடுத்தது மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாயில். மாப்பிள்ளை குணசேகரன் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. போன வருஷம் வசந்தா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழுந்து நடந்தால் சுங்கை ஆயர் தாவாரில் இருக்கிற அம்மன் கோயிலுக்கு வந்து அன்னதானம் போடுகிறேன் என்று படுக்கையிலேயே வேண்டிக்கொண்டாள். கம்பு ஊன்றியாவது நடந்துவிட்டாள். நீங்கள் வந்து பக்கத்தில் நின்றால்தான் போவேன் என்று போனில் அழுதாள். நான் போனேன்.

விமானத்தில் பட்ட பயத்தை எழுதினால் அதுவே தனிக் கட்டுரை ஆகிவிடும். இறங்கியதும் தீரும் என்று பார்த்தேன். தீரவில்லை. ஊருக்குள் போகிற சாலையில் இரண்டு பக்கமும் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். நம் ஊர்ப் பனை தள்ளித் தள்ளி நிற்கும், நடுவில் வானம் தெரியும். இங்கே மட்டைகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு பட்டப்பகலிலேயே உள்ளே இருட்டாகக் கிடந்தது. எதிரே வந்த லாரிகளில் முள்ளு முள்ளாகப் பழக்குலை. ஒரு குலை உருண்டு எங்கள் முன்னால் விழுந்தது. மாப்பிள்ளை வண்டியை ஒதுக்கிப் போய்க்கொண்டே இருந்தார். "இதுக்கே கண்ண மூடிக்கிட்டா எப்படி மச்சான்" என்று சிரித்தார்.

வசந்தா எனக்காகச் சமைத்திருந்தாள். வேண்டுதலுக்காக வீட்டில் கவிச்சி இல்லை. கங்கோங் என்று ஒரு கீரை, மிளகாய் அரைத்து வதக்கியது. இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி. கீரை உறைப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அவளும் அழுதாள். அவள் நடப்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். ஒரு கால் முன்னே போகிறது, இன்னொரு கால் யோசிக்கிறது.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார். ரம்புத்தான் மரத்தடியில் வெள்ளையாக ஒரு பெட்டி நின்றது. கேரவன் என்றார். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஒருவரிடம் பழையதாக வாங்கியிருக்கிறார். இவர் வாங்கிய பிறகு இரண்டே தடவைதான் வெளியே போனதாம். மற்ற நாளெல்லாம் அதே புல்தரையில், வெயிலிலும் மழையிலும்.

விஷயம் இதுதான். வசந்தாவால் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. சுங்கை ஆயர் தாவார் தூரம். அதனால் அவளைக் கேரவன் கட்டிலில் படுக்க வைத்து இழுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்திருந்தார்கள். ஓடுகிற கேரவனுக்குள் ஆள் இருக்கலாமா என்று கேட்டேன்.

"போலீஸ்காரன் பாத்தா சமன் போடுவான் லா மச்சான்" என்றார் மாப்பிள்ளை. சமன் என்றால் அபராதம். "திரைய இழுத்து விட்டுட்டா யாருக்குத் தெரியும்?"

எனக்குப் போலீஸ்காரனைப் பற்றிய பயம் இல்லை. ஆனால் வேறு எதைப் பற்றி என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்குச் சாமான் ஏற்றினோம். அன்னதானத்துக்கு அரிசி மூட்டைகள், பருப்பு, தேங்காய், இரண்டு பெரிய அண்டா. கட்டில் வலது பக்கம் இருந்ததால் மூட்டை எல்லாவற்றையும் இடது பக்கமே அடுக்கினோம். பிறகு மாப்பிள்ளை சக்கரங்களுக்குக் காற்று அடித்தார். காருக்கு எவ்வளவோ அவ்வளவே.

மறுநாள் விடிந்ததும் புறப்பாட்டுப் பூசை. பெண்ணின் அண்ணன், அதுவும் ஊரிலிருந்து வந்தவன், நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றார்கள். எனக்குப் பெருமைதான். மாப்பிள்ளை ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயும் பழந்துணியும் கொண்டுவந்து கேரவனின் இரண்டு டயரையும், பின்னால் மாட்டியிருந்த ஸ்பேர் டயரையும் அழுத்தித் துடைத்தார். நாங்கள் ஸ்டெப்னி என்போம் அதை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் இப்படித்தானாம். சாமிக்கு எண்ணெய்க்காப்பு சாத்துகிற மாதிரி பக்தியோடுதான் செய்தார். டயர்கள் கருகருவென்று மின்னின. பார்த்தால் கடையிலிருந்து நேற்று வந்தது போல் இருந்தது.

நான் சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் கட்டைவிரலால் இழுத்தேன். இடது டயரில் இழுக்கும்போது விரல் தடுக்கியது. எண்ணெய் மினுமினுப்பில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேட்டி நுனியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ரப்பர் முழுக்க வெடிப்பு. கோடைக்காலத்து ஏரி மாதிரி. நகம் உள்ளே இறங்கியது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து, டயரின் மேல்பக்கத்தைத் தட்டினார்.

"பட்டன் பாருங்க மச்சான், ஒரு பொட்டு தேயல. ஓடவே இல்லாத டயர் எப்படிக் கெடும்? இது வயசானவங்க தோல் மாதிரி, மேல சுருக்கம், அவ்ளோதான்."

அதற்குள் வசந்தா சூடத்தை ஏற்றிவிட்டாள். எரிகிற சூடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அபசகுனமாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தங்கை வீட்டில் விருந்தாளியாக வந்து, மாப்பிள்ளை பேச்சுக்கு மேல் பேசுவதும் எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. தேங்காய் உடைத்தேன். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தேன். வண்டி ஏறி நசுக்கியது. கனி நசுக்கிய பிறகு வண்டி திரும்பக் கூடாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று நானே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். வழக்கமாகச் சொல்கிறதுதான்.

பிறகு காரில் உட்காராமல் கேரவனுக்குள் ஏறிக்கொண்டேன். தங்கைக்குத் துணையாக இருக்கிறேன் என்றேன். என்னால் டயரை மாற்ற முடியாது, மாப்பிள்ளையையும் மாற்ற முடியாது. அவளோடு இருக்கலாம் அல்லவா.

உள்ளே இருந்தால் வேகம் இரண்டு மடங்காகத் தெரிகிறது. அண்டா குலுங்குகிறது, கரண்டி ஆடுகிறது, திரை இடுக்கில் செம்பனை ஓடுகிறது. நான் தரையில் உட்கார்ந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன். வசந்தா படுத்துக்கொண்டு என்னைக் கேலி செய்தாள். அண்ணன் ராட்டினம் ஏறி அழுத கதையை ஆரம்பித்தாள். ஆனால் அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

கோலசிலாங்கூரில் தேநீருக்கு நிறுத்தினார் மாப்பிள்ளை. இரண்டு குவளைக்கு இடையில் டீயை முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றுவது நம் ஊர் மாதிரியேதான். பால் மட்டும் டின் பால், ஒரே தித்திப்பு. ரொட்டி சானாய் என்று பரோட்டாவுக்குத் தங்கச்சி மாதிரி ஒன்று. பருப்புக் குழம்போடு நன்றாக இருந்தது, ஆனால் எனக்கு இறங்கவில்லை. இடது டயரைப் போய்ப் பார்த்தேன். வலதைவிடக் கொஞ்சம் குந்தியிருந்த மாதிரி தோன்றியது. சொன்னேன். உங்களுக்கு எல்லாமே தோணும் மச்சான் என்று முதுகில் தட்டினார்.

தஞ்சோங் காராங் தாண்டியதும் செம்பனை முடிந்து வயல் வந்தது. பச்சை வயலைப் பார்த்ததும் காவிரிக்கரைக்கே வந்துவிட்ட மாதிரி கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

தப். கொஞ்சம் கழித்துத் தப். எனக்குக் கீழே, இடது பக்கம். யாரோ ஈரத்துணியை அடிக்கிற மாதிரி. பிறகு நிற்காமல் தப் தப் தப் என்று வந்தது. தரை அதிர்ந்து என் முதுகெலும்பில் ஏறியது. வசந்தா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அவள் போனில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். "வண்டி ஓட்டும்போது அவர் போன் எடுக்க மாட்டாருண்ணா, அந்த விஷயத்துல ரொம்ப ஒழுங்கு" என்றாள் வசந்தா. அவள் குரலில் கேலி இல்லை.

முன் சன்னலைத் தட்டினேன். கேட்குமா? காருக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். சமயபுரத்தாளே, என் தங்கை இப்போதுதான் நடக்கிறாள் என்று வாய்விட்டுச் சொன்னேன். வேறு மந்திரம் எதுவும் ஞாபகம் வரவில்லை. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி, பக்கத்துச் சன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டி வீசினேன். காற்று துண்டைப் பிடுங்கப் பார்த்தது. விடவில்லை.

பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் வந்துகொண்டிருந்தார். துண்டைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். முறுக்கிக்கொண்டு முன்னால் போய், மாப்பிள்ளை பக்கம் வண்டியை ஒட்டி, உள்ளங்கையைக் கீழே கீழே என்று அமுக்கிக் காட்டினார். வேகம் குறைந்தது. சாலையோரப் புல்லில் நடக்கிற வேகத்தில் ஏறும்போது, டமார்.

கேரவன் இடது பக்கம் சாய்ந்தது. மூட்டைகள் சரிந்து கதவில் மோதின. அண்டா உருண்டது. வசந்தா கட்டிலிலிருந்து சறுக்கி என் மேல் வந்து விழுந்தாள். இரண்டு கையாலும் அவள் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

மாப்பிள்ளை ஓடிவந்து கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் நின்ற பெரியவர் எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு மலாயில் ஏதோ கேட்டார். உள்ளே மனுசங்களை வைத்தா இழுத்து வந்தாய் என்று கேட்டதாகப் பிறகு வசந்தா சொன்னாள். தார்ச்சாலை அளவுக்குக் கறுத்துப் போயிருந்தது மாப்பிள்ளை முகம்.

டயரின் மேல்பட்டை வாழைப்பட்டை உரிந்த மாதிரி உரிந்து தொங்கியது. தேயாத பட்டன் அப்படியே இருந்தது அதில். நான் வைத்த சந்தனமும் ஒரு துண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை ஜாக்கி எடுத்தார். ஸ்பேரை மாட்டிக்கொண்டு மெதுவாகப் போய்விடலாம் என்றார். நான் ஸ்பேர் டயரின் எண்ணெயைத் துண்டால் துடைத்து, அவர் கட்டைவிரலைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். அங்கேயும் அதே வெடிப்பு.

"பின்னாடி தஞ்சோங் காராங்ல டயர் கடை பாத்தேன். திரும்பிப் போவோம் மாப்பிள்ளை."

"நீங்கதானே மச்சான் சொன்னீங்க, கனி நசுக்குனா வண்டி திரும்பக் கூடாதுன்னு."

"சொன்னேன். இப்ப நான்தான் சொல்றேன், திருப்புங்க. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஆயுசில் நான் மீறிய முதல் சகுனம் அது.

பெரியவர் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான். எல்லாரும் அவரைப் பாக்சிக் என்றார்கள், நாம் மாமா என்கிற மாதிரி. வசந்தாவைக் காரில் அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். அவர் மனைவி தலையணை எடுத்துக் கொடுத்து, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக் கொண்டுவந்தார். வேண்டுதலில் இருக்கிறோம், கறி மீன் பொரித்த எண்ணெயாக இருக்குமோ என்று நான் தயங்கினேன். அந்த அம்மா புரிந்துகொண்டு, புது எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிக் காட்டினார். வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு சாப்பிட்டேன். நம் ஊர் வாழைக்காய் பஜ்ஜி இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

கேரவனுக்குக் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, மூன்று சக்கரத்தையும் காரில் போட்டுக்கொண்டு நானும் மாப்பிள்ளையும் திரும்பினோம். டயர் கடைச் சீனர் மீ என்கிற நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எங்களைப் பார்க்கவே இல்லை. பிறகு வந்து டயரை மோந்து பார்த்தார். மலாயில் அவர் சொன்னதை மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே எனக்குச் சொன்னார்.

"இதை வறுத்துச் சாப்பிடப் போறீங்களா, ஓட்டப் போறீங்களா?"

எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடுமாம். வெயில் ஒரு பக்கம், ஈரப் புல் ஒரு பக்கம், அசையாமல் ஒரே இடத்தில் பாரத்தோடு நின்றது ஒரு பக்கம். ஓடாததால் கெடவில்லை என்று நாங்கள் நினைத்தோமே, ஓடாததால்தான் கெட்டது என்றார். டயர் பிறந்த காலத்தை அதன் மேலேயே பொறித்திருக்கிறார்கள். அதைக் காட்டினார். மாப்பிள்ளை கேரவன் வாங்கியதற்கும் ரொம்ப முந்தி. ஒன்று மட்டும் மாற்றுங்கள் என்று மாப்பிள்ளை கேட்டதற்குச் சீனர் சாவகாசமாகப் பல் குத்திக்கொண்டு, அப்படியானால் வேறு கடைக்குப் போ என்றார். கார் டயரும் தர மாட்டேன், பாரம் தாங்குகிற வேன் டயர்தான் என்று மூன்றையும் மாட்டினார். காருக்கு அடிக்கிற காற்று இதற்குக் காணாது, ஓட்டுகிறதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும் என்று அளவைச் சொன்னார். மாட்டின நட்டைக் கொஞ்ச தூரம் போன பிறகு இன்னொரு தரம் முறுக்கச் சொன்னார். நிறுத்துகிற இடத்திலெல்லாம் சக்கரத்தின் நடுவில் கையைக் கொண்டுபோய்ப் பார், கை வைக்க முடியாத சூடு என்றால் அதோடு நில் என்றார். ஆட்களை உள்ளே வைத்து வந்த கதையை மாப்பிள்ளையே சொன்னார். சீனர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது அவர் கையில் எலுமிச்சம்பழம். தமிழ் ஆட்கள் நிறையப் பேர் வருவதால் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பாராம். "இது வைக்கலாம். எண்ணெய் வேண்டாம்" என்று அரைகுறைத் தமிழில் சொல்லி என் உள்ளங்கையில் வைத்தார்.

அன்றைக்குப் பொழுது போய்விட்டதால் பாக்சிக் வீட்டிலேயே தங்கினோம். காலையில் மூட்டைகளை எல்லாம் இறக்கி, சக்கரத்துக்கு நேர் மேலே இரண்டு பக்கமும் சமமாக அடுக்கினோம். மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாங்கி, அந்த வீட்டு அம்மாவிடம் சமையலுக்குக் கொடுத்துவிட்டேன். தண்ணீரால் துடைத்து, சந்தனத்தை இரும்பு வட்டத்தில் வைத்தேன். எலுமிச்சம்பழம் வைக்கும்போது மட்டும் எதுவும் சொல்லவில்லை.

வசந்தாவைக் காரின் முன் இருக்கையைச் சாய்த்துத் தலையணை போட்டுப் படுக்க வைத்தோம். கேரவனுக்குள் யாரும் இல்லை. அடிக்கடி நிறுத்தி அவளை இறக்கி நாலடி நடக்க விட்டோம். நிறுத்தும்போதெல்லாம் நான் போய்ச் சக்கரத்தைத் தொட்டேன், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. மாப்பிள்ளை நட்டை முறுக்கினார். செகிஞ்சானில் அவரே என்னை முந்திக்கொண்டு போய்க் கை வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மச்சான், அந்தச் சூடத்த அணைச்சுட்டாவது நீங்க என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கணும்" என்றார். அவர் முதுகில் தட்டினேன்.

கோயில் சின்னதுதான். அம்மன் முகம் எங்கள் சமயபுரத்தாளின் சாயல், அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. திரும்பி வந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். கோபப்பட்ட முகமாக இல்லை. வசந்தா கம்பை வெளியிலேயே வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து முன்னால் நின்றாள். பூசாரி தீபாராதனை காட்டிவிட்டுத் தட்டைக் கொண்டுவந்தார். நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் தொடவில்லை. தட்டு அவளுக்கு முன்னால் நின்றது.

"அண்ணா" என்றாள் மெல்ல. "நேத்து கேரவனுக்குள்ள இருக்கும்போது நான் பயந்தது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

தெரியும் என்றேன்.

"போய் ஒரு தடவ சக்கரத்தத் தொட்டுப் பாத்துட்டு வாங்க. இன்னும் நாம வீட்டுக்குப் போகணும்ல."

பூசாரி சிரித்தபடி காத்திருந்தார். நான் வெளியே போய், புளியமரத்தடியில் நின்ற கேரவனின் இடது சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தேன். பிறகு வலது. வந்து, வெதுவெதுப்புதான் வசந்தா என்றேன்.

அதற்கப்புறம்தான் அவள் சூடத்தைத் தொட்டாள்.